படி இறங்கிய பிறகு வரும் பதில்

போன இதழில் ‘காமன் சென்ஸ்’ பற்றி நாலு வரி எழுதினேன். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ‘விட்’ என்ற சொல்லைத்தான் சுற்றி வருகின்றன. டபிள்யூ, ஐ, டி. மூன்றே எழுத்து. திருப்பாதிரிப்புலியூரில் உட்கார்ந்துகொண்டு 31 வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த நான் இந்தச் சொல்லை ஒருமுறைகூட ஒழுங்காக நடத்தியதில்லை. பாடத்தின் அடியில் ‘விட்: நகைச்சுவை’ என்று போட்டிருக்கும். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். மணி அடித்துவிடும். அந்தப் பழைய பாக்கியை இப்போது தீர்க்கிறேன்.

புதுச்சேரியில் ஒரு நேர்காணலுக்குப் போனேன். “உங்களுக்கு அனுபவமே இல்லையே” என்றார்கள். “அனுபவம் உள்ளவருக்குப் பழைய இடத்துப் பழக்கத்தை மறக்கடிக்கணும் சார், எனக்கு அந்த வேலை மிச்சம்” என்றேன். அவர், “யூ ஹேவ் எ குயிக் விட்” என்றார். அகராதியைப் பார்த்தால் நகைச்சுவை என்று இருக்கிறது. நான் சிரிக்கவைக்கப் பேசவில்லையே. பாராட்டினாரா, கிண்டல் செய்தாரா?
வாசகர், நெல்லிக்குப்பம்

பாராட்டுதான் தம்பி. வேலை கிடைத்ததா என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே, எனக்கு அதுதான் கவலை.

அகராதி பொய் சொல்லவில்லை, பாதியில் நிறுத்திக்கொண்டது. ‘விட்’டின் முதல் பொருள் அறிவு. ஊறப்போட்டு, அரைத்து, புளிக்கவைத்து எடுக்கிற அறிவு இல்லை. கேட்ட மாத்திரத்தில் வாசலில் வந்து நிற்கிற அறிவு. அது வாய் வழியாக வெளியே வரும்போது எதிரில் இருப்பவர் பெரும்பாலும் சிரித்துவிடுகிறார். சிரித்துச் சிரித்தே காலப்போக்கில் சிரிப்புதான் அந்தச் சொல்லுக்குப் பொருள் என்றாகிவிட்டது.

தேவனாம்பட்டினத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கூடை கொண்டுவருகிற அம்மாள் ஒருவர் உண்டு. ஒருநாள் சங்கரா மீனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, கண்ணு இப்படி மங்கிக் கிடக்குது?” என்றேன். “ராத்திரி பூரா உன்னையே நெனச்சிக்கினு முழிச்சினு இருந்துச்சுக்கா” என்றார். அரைக் கணம்கூட யோசிக்கவில்லை. நான் சிரித்துக்கொண்டே முக்கால் கிலோ வாங்கிவிட்டேன். அரிவாள்மணையில் உட்கார்ந்து செதில் சீவும்போதுதான் உறைத்தது: ராத்திரி பூரா விழித்திருந்த மீன் என்றால், நேற்றே பிடித்த மீன் என்று அவர் வாயாலேயே சொல்லியாயிற்று! பொய்யும் சொல்லவில்லை, மீனும் விற்றுவிட்டது. இதைவிட நல்ல உதாரணம் எந்த ஆங்கில அகராதியிலும் இல்லை.

நம் காளமேகம் இதையே தண்ணீர் கலந்த மோரைப் பார்த்துச் செய்தார். வானத்தில் இருந்தபோது கார் என்று பேர், தரைக்கு வந்தபின் நீர் என்று பேர், ஆய்ச்சியர் கைக்கு வந்தபின் மோர் என்று பேர், ஆக முப்பேரும் பெற்றாயே என்று மோரைப் பார்த்தே பாடிவிட்டார். திட்டவில்லை, சண்டை போடவில்லை. மோர்க்காரிக்கு மட்டும் எங்கே போய்த் தைக்கவேண்டுமோ அங்கே தைத்திருக்கும்.

‘ஹ்யூமர்’ வேறு. லத்தீனில் அதற்கு ஈரம், நீர் என்று பொருள். நாம் வாதம், பித்தம், கபம் என்று சொல்வதுபோல் பழைய ஐரோப்பிய வைத்தியர்கள் இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று உடம்பில் நான்கு நீர்கள் ஓடுவதாகச் சொன்னார்கள். அவற்றின் அளவைப் பொறுத்து ஆளின் சுபாவம். அங்கிருந்துதான் ஹ்யூமர் சிரிப்புக்கு வந்து சேர்ந்தது. ஆகவே அது சுபாவம், மெல்ல ஊறுவது. தன்னைப் பார்த்தே சிரித்துக்கொள்ளவும் அதற்குத் தெரியும். ‘விட்’டுக்குப் பெரும்பாலும் எதிரே ஓர் ஆள் வேண்டும்.

தமிழில் எப்படிச் சொல்வது என்றால், சமயோசிதம், சாதுரியம், மதிநுட்பம் மூன்றும் இடத்துக்கேற்பப் பொருந்தும். என் பேரன் ‘செம டைமிங்’ என்கிறான். உண்மையைச் சொன்னால் அவன் சொல்தான் ரொம்ப நெருக்கம். நேரம் தவறினால் அது ‘விட்’ இல்லையே.

ஒரு எச்சரிக்கை. “ஐ ஆம் வெரி விட்” என்று எழுதாதீர்கள். ஆளைக் குறிக்க ‘விட்டி’. அல்லது ‘எ விட்’ என்று முன்னால் ஒரு ‘எ’ போட்டால் அந்த ஆளே சாதுரியக்காரர் என்றாகும். எப்படி இருந்தாலும் இதை மற்றவர் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தில் நாமே நம்மைப் பற்றி எழுதிக்கொண்டால் அங்கேயே அடிபட்டுப்போகும்.

‘வேதம்’ என்ற சொல்லும் ‘விட்’டும் ஒன்றுதான், ஆங்கிலமே சமஸ்கிருதத்திலிருந்து வந்தது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையா?
வாசகி, முத்தியால்பேட்டை

முதல் பாதியில் உண்மை இருக்கிறது. பின்பாதி கதை.

சமஸ்கிருதத்தில் ‘வித்’ என்றால் அறிதல். அதிலிருந்து வேதம், வித்தை, வித்வான். பழைய ஆங்கிலத்தில் ‘விட்டன்’ என்றால் அறிதல். அதிலிருந்து விட், வைஸ், விஸ்டம். லத்தீனில் ‘விடேரே’ என்றால் பார்த்தல். அதன் வழியில் நம் கைப்பேசியில் ஓயாமல் ஓடுகிற வீடியோ. கிரேக்கக் கிளையில் ஐடியா. பார்த்ததும் அறிந்ததும் ஒரே வேரில் கிடக்கின்றன என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த சங்கதி. ஆனால் இவர்கள் அம்மா, பெண் இல்லை; அக்கா தங்கைகள். இவை ஒரே மூலத்திலிருந்து பிரிந்திருக்க வேண்டும், அந்த மூலமே இப்போது இல்லாமல் போயிருக்கலாம் என்று கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் 1786-இல் அங்கே பேசினார். தங்கையைக் காட்டி இவள் அக்கா பெற்ற பெண் என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

தமிழ் அந்த வீட்டுப் பிள்ளையே இல்லை. தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பம் என்று சென்னையில் இருந்த எல்லிஸ் துரை 1816-இலேயே எழுதிவிட்டார். வேதமும் வித்தையும் நம்மிடம் இரவல் வந்து, நாளடைவில் இங்கேயே தங்கிவிட்டவை.

நான் இந்த ஊர்க்காரி என்பதால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரை சேர்ந்த இடம் எங்கள் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் என்பது ஐதீகம். அந்தக் குப்பத்துக்கே கரையேறவிட்ட குப்பம் என்றுதான் பேர். அப்போது அவர் பாடிய பதிகம் ‘சொற்றுணை வேதியன்’ என்று தொடங்குகிறது. சின்ன வயதிலிருந்து பாடிவந்த அந்த ‘வேதிய’னுக்குள் ‘விட்’டின் தூரத்து உறவு ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்த அன்று, பாடலைப் பாதியில் நிறுத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற அம்மாள் எனக்கு மறந்துபோய்விட்டது என்று நினைத்து அடுத்த அடியை எடுத்துக்கொடுத்தார்.

‘மதர் விட்’ என்றால் அம்மாவின் அறிவா?
வாசகர், பண்ருட்டி

பிறக்கும்போதே கூட வந்த அறிவு. ஏட்டில் வராதது. வள்ளுவர் அமைச்சு அதிகாரத்தில் ‘மதிநுட்பம் நூலோடு உடையார்க்கு’ என்கிறாரே (636), அதில் மதிநுட்பம்தான் இது. பரிமேலழகரும் அதை இயற்கையாய் அமைந்த அறிவு என்றும், நூலைப் படித்து வருவது என்றும் பிரித்துக் காட்டுகிறார்.

என் மாமியார் கைநாட்டு. 2011 டிசம்பரில் தானே புயல் வருகிறது என்று டி.வி.யில் சொன்னார்கள். நாங்கள் எல்லாரும் புயல் எங்கே கரையைக் கடக்கும் என்று வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர், “மொதல்ல அண்டா, குண்டா, சொம்பு வரைக்கும் தண்ணி புடிங்கடி. காத்து போயிடும், கரண்டு வராது” என்றார். 30-ஆம் தேதி விடிகாலையில் அடித்த அடியில் உங்கள் ஊர்ப் பலாவும் முந்திரியும் எப்படி வேரோடு சாய்ந்தன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவுக்கு மின்சாரம் வரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. நாங்கள் படித்தவர்கள். அவர் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்.

‘விட்ஸ்’ என்று ‘எஸ்’ சேர்த்தால் பொருள் மாறுமா? ‘அட் மை விட்ஸ் எண்ட்’ என்பதில் அந்த எண்ட் எந்த முடிவு?
வாசகி, நெய்வேலி

மாறும். ஒருமையில் சாதுரியம், பன்மையில் புத்தி, நிதானம், புலன் எல்லாம் சேர்ந்த ஒரு மூட்டை. ‘கீப் யுவர் விட்ஸ் அபவுட் யூ’ என்றால் பதறாதே, புத்தியைக் கைவிடாதே. ‘ஸ்கேர்டு அவுட் ஆஃப் மை விட்ஸ்’ என்றால் அரண்டுபோனேன்.

‘விட்ஸ் எண்ட்’ என்பது புத்தி முடிந்துபோகிற இடம். அதற்கு மேல் செய்ய ஒன்றும் தோன்றவில்லை என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்போமே, அது. 1611-இல் வந்த ஆங்கில பைபிளில், 107-ஆம் சங்கீதத்தில் இது இருக்கிறது. கப்பலேறிப் போனவர்கள் புயலில் மாட்டிக் குடிகாரனைப்போலத் தள்ளாடுகிற இடம். தமிழ் வேதாகமம் அதே இடத்தில், ‘அவர்களுடைய ஞானமெல்லாம் முழுகிப்போகிறது’ என்கிறது. கடலைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு ஆங்கிலத்தைவிட இந்தத் தமிழ் நன்றாகப் புரியும்.

‘லிவ் பை ஒன்’ஸ் விட்ஸ்’ கொஞ்சம் வில்லங்கமானது. சாமர்த்தியத்தால் பிழைக்கிறான் என்று பொருள், ஆனால் நேர்வழியா என்று கேட்கக் கூடாது. தானே புயல் அடித்த மறுநாளே ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வந்து, மாடித் தொட்டி நிரப்ப இவ்வளவு, செல்போன் சார்ஜ் ஏற்ற இவ்வளவு என்று வசூலித்தவர்களைத் திட்டிக்கொண்டேதான் நானும் பணம் கொடுத்தேன். அவர்கள் வராமல் இருந்திருந்தால் இன்னும் திட்டியிருப்பேன்.

‘விட்னஸ்’ இதே குடும்பமா?
வாசகர், மஞ்சக்குப்பம்

ஆமாம். அறிந்தவர்தான் சாட்சி. ‘அன்விட்டிங்லி’ என்றால் அறியாமல். பழைய ஆங்கிலப் பத்திரங்களில் ‘டு விட்’ என்று வந்தால் மிரளாதீர்கள், நம் ‘அதாவது’தான்.

‘அவுட்விட்’ என்பதற்கு ‘ஏமாற்றுதல்’ என்று எழுதிய என் மகளுக்கு ஒரு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். சரியா?
வாசகர், புதுப்பாளையம்

அரை மதிப்பெண் குறைத்திருக்கலாம். ஏமாற்றுவதில் பொய் இருக்கும். ‘அவுட்விட்’டில் பொய் இல்லாமலும் ஜெயிக்கலாம், எதிராளியைவிட ஓரடி முன்னால் யோசித்தால் போதும். ஆட்டத்தின் விதியை மீறாமலே அவனை மடக்குவது.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. குண்டு சாலைக்கு ஏன் அந்தப் பேர் என்று மகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். கோட்டையோடு எவ்வளவு நிலம்? பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் என்று பேச்சு. பீரங்கி கம்பெனியுடையது, சுடுகிறவன் கம்பெனி ஆள். நாலா திசையிலும் சுட்டார்கள். கடலூர் நகரமே அந்த வட்டத்துக்குள் விழுந்தது. அப்படிக் கைக்கு வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பேர் நின்றுவிட்டது.

ஒப்பந்தத்தில் ஒரு எழுத்துகூட மீறவில்லை. எந்தப் பீரங்கி, எவ்வளவு மருந்து என்று எழுதிக்கொள்ளத் தவறியது விற்றவர். மகளை இந்தக் கதையையே விடையாக எழுதச் சொல்லுங்கள். அப்போதும் மதிப்பெண் குறைத்தால் எனக்கு எழுதுங்கள்.

மாப்பிள்ளை ‘ஸ்மார்ட்’டாக இருக்கிறார் என்று தரகர் சொன்னார். நேரில் பார்த்தால் ஆள் அழகுதான், ஆனால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசவில்லை. ஸ்மார்ட் என்றால் அறிவா, அழகா? ‘விட்’டுக்கும் இதற்கும் என்ன தூரம்?
ஒரு தாய், விருத்தாசலம்

தரகர் பிழை சொல்லவில்லை அம்மா, அவர் இங்கிலாந்து ஆங்கிலம் பேசியிருக்கிறார். அங்கே ஸ்மார்ட் என்றால் முதலில் நறுவிசாக உடுத்தியவர். அமெரிக்காவில் புத்திசாலி. நம்மூரில் இரண்டையும் கலந்து, கூடவே கொஞ்சம் சிவப்புத் தோலையும் சேர்த்துவிட்டோம். அதில் எனக்குச் சம்மதமில்லை, அதை இன்னொரு நாள் பேசலாம்.

ஆனால் அந்தச் சொல் பிறந்த இடம் அழகும் இல்லை, அறிவும் இல்லை. வலி. பழைய ஆங்கிலத்தில் சுரீரென்று குத்துகிற, எரிகிற வலிக்குத்தான் ஸ்மார்ட் என்று பேர். இன்றைக்கும் கண்ணில் சோப்பு பட்டால் ‘மை ஐஸ் ஆர் ஸ்மார்ட்டிங்’ என்பார்கள். குத்துகிற வலி, பிறகு குத்துகிற பேச்சு, பிறகு அப்படிப் பேசத் தெரிந்த சுறுசுறுப்பான மூளை என்று படிப்படியாக ஏறிவந்தது.

இதைப் படித்தபோது எனக்கு நம் ‘உறைப்பு’தான் நினைவுக்கு வந்தது. பச்சைமிளகாய் நாக்கில் உறைக்கிறது. சொன்னது மண்டையில் உறைக்கிறது. “இவ்ளோ சொல்றேன், உனக்கு உறைக்கவே இல்லையா?” என்று நாம் கேட்பதில் மிளகாயும் மூளையும் ஒரே சொல்லில் இருக்கின்றன. எங்கோ ஒரு தீவில் அவர்கள் போன அதே பாதையில், அவர்களைக் கேட்காமல் நாமும் போயிருக்கிறோம். கெட்டிக்காரக் குழந்தையைச் ‘சூட்டிகை’ என்கிறோமே, அதிலும் ஒரு சூடு தட்டுகிறது பாருங்கள்.

இப்போது ரேஷன் அட்டைகூட ஸ்மார்ட். புதுச்சேரியை 2017-இல் ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் சேர்த்தார்கள். மழை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்பது மட்டும் பழைய புத்தியிலேயே இருக்கிறது. இப்படிக் கண்டதற்கெல்லாம் ஒட்டியதில் ஸ்மார்ட்டுக்கு உறைப்பு போய்விட்டது. ‘விட்’டை இன்னும் யாரும் அட்டையில் அச்சடிக்கவில்லை, அதுவரை தப்பித்தது.

மாப்பிள்ளை விஷயம்: இன்னொரு முறை போய், தரகர் இல்லாமல் பேசிப் பாருங்கள். தரகர் பக்கத்தில் இருந்தால் யாருக்குத்தான் பேச்சு வரும்?

என் மாமனார் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிறவர். ‘விட்’டுக்கு பிரெஞ்சில் ‘எஸ்ப்ரி’ என்கிறார். கப்ஸ் கோவில் பிரெஞ்சுப் பூசையில் பரிசுத்த ஆவியை அல்லவா ‘சேந்த் எஸ்ப்ரி’ என்கிறார்கள்? ஆவிக்கும் நகைச்சுவைக்கும் என்ன சம்பந்தம்?
வாசகி, புதுச்சேரி

மாமனார் சொன்னது சரி. எஸ்ப்ரி என்றால் ஆவி, உயிர்ப்பு, மனம், சாதுரியம் எல்லாமே. வேர் லத்தீன், மூச்சு என்று பொருள். உள்ளே இருந்து உயிரோடு புறப்படுவதெல்லாம் அவர்களுக்கு எஸ்ப்ரி. நாமும் பேச்சில் உயிர் இல்லை என்கிறோம் இல்லையா?

ஆனால் அவர்களிடம் இதைவிட ஒரு நல்ல சரக்கு இருக்கிறது. மாமனாரிடம் ‘எஸ்ப்ரி த லெஸ்காலியே’ பற்றிக் கேளுங்கள். மாடிப்படிச் சாதுரியம் என்று பொருள். 18-ஆம் நூற்றாண்டில் தீதெரோ என்ற பிரெஞ்சு எழுத்தாளர், நெக்கேர் என்ற பெரிய மனிதர் வீட்டு விருந்தில் யாரோ சொன்ன ஒரு சொல்லுக்குப் பதில் தெரியாமல் வாயடைத்துப்போனார். தன்னைப் போன்ற உணர்ச்சிவசப்படுகிற ஆளுக்குப் படி இறங்கிக் கீழே வந்த பிறகுதான் புத்தி திரும்பும் என்று எழுதினார். விருந்து மாடியில், பதில் வருவது கடைசிப் படியில். ஜெர்மன்காரர்கள் இதை ‘ட்ரெப்பன்விட்ஸ்’ என்று தங்கள் பேச்சில் எடுத்துக்கொண்டார்கள். அந்த ‘விட்ஸ்’ நம் ‘விட்’டுக்குச் சகோதரி.

எனக்கும் ஒரு மாடிப்படி உண்டு. நான் வேலை பார்த்த பள்ளிகளில் ஒன்றில் தலைமையாசிரியர் அறை முதல் மாடியில். என் எட்டாம் வகுப்பு கீழே, நேர் அடியில். ஒருநாள் கூப்பிட்டனுப்பினார். மற்ற ஆசிரியர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். “டீச்சர், உங்க வகுப்புல பசங்க சிரிக்கிற சத்தம் என் ரூம் வரைக்கும் கேக்குது” என்றார். நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. “இனிமே பாத்துக்கறேன் சார்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அந்தப் படிக்கட்டில் மொத்தம் பதினெட்டுப் படி. பதினைந்தாவது படியில் பதில் வந்தது. திரும்ப மேலே ஏறிப்போய்ச் சொல்லவா முடியும்? வகுப்புக்குப் போய் இலக்கணம் நடத்தினேன், அன்று யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு ஏழு வருஷம் அவரிடமே வேலை பார்த்தேன். எத்தனையோ முறை பேசினோம், அந்தப் பேச்சு மறுபடி வரவே இல்லை.

அவர் ஓய்வுபெற்று இப்போது புதுச்சேரிப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார், இந்தப் பத்திரிகையை வாசிக்கிறார் என்று கேள்வி. அதனால் சொல்லிவிடுகிறேன்: “உங்க ரூம்லேர்ந்து ஒருநாளும் சிரிப்புச் சத்தமே வர்றதில்லையே சார், அதான் பசங்க கொஞ்சம் அனுப்பி வெச்சாங்க.”